விசாரியாத தீர்ப்பு: கைப்பேசிக் காலத்தில் நீதியும் இரக்கமும்

ஒருவரைப் பற்றி முடிவுகட்டுமுன் அவர் தரப்பைக் கேட்பது நீதி. முடிவுகட்டிய பிறகும் அவரை மனிதராகவே நடத்துவது இரக்கம். குடும்பம், தெரு, ஊர், வேலையிடம் என மனிதர் சேர்ந்து வாழும் எல்லா இடங்களையும் இவ்விரண்டும்தான் தாங்கி நிற்கின்றன. நீதியை அரசனுக்கும் நீதிமன்றத்துக்கும், இரக்கத்தைத் துறவிக்கும் என்று பிரித்துக் கொடுக்கும் வழக்கம் தமிழ் மரபில் இல்லை. திருக்குறளில் நடுவு நிலைமை இல்லறவியலில் வருகிறது. கண்ணோட்டம் அரசனுக்குரிய அதிகாரங்களுக்கிடையே வைக்கப்பட்டுள்ளது. குடும்பத்தானிடம் நீதியும் ஆள்பவனிடம் இரக்கமும் எதிர்பார்க்கப்பட்டன என்பதே இந்த வைப்புமுறை தரும் செய்தி.

கைப்பேசியும் சமூக ஊடகமும் இந்த இரண்டையும் புதிய சோதனைக்கு உள்ளாக்கியிருக்கின்றன. ஆளைக் காணாமலே ஆளைப் பற்றிப் பேசவும், கேளாமலே தீர்ப்புச் சொல்லவும், சொன்னதை ஒரே நிமிடத்தில் ஆயிரம் பேருக்கு அனுப்பவும் இன்று எவராலும் முடியும். அதன் விளைவுகளையும் அவற்றுக்குச் சட்டமும் சமூகமும் கண்ட பதில்களையும், திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்த ஒரு கொடுமையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வெளியூராரை வரவேற்கும் ஊர்

திருவண்ணாமலை வெளியூராரால் வாழும் ஊர். பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று ஊரே கொள்ளாது. ரமணாசிரமத்துக்கு நாடு கடந்து வருபவர்கள் உண்டு. மலையைச் சுற்றியே தங்கிவிட்ட சாதுக்கள் உண்டு. பெயரும் ஊரும் கேட்காமல் சோறு போடுவது இங்கே நெடுநாள் வழக்கம்.

இந்த ஊரின் அண்மைக்கால வரலாற்றிலேயே நீதியும் இரக்கமும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1924 ஜூன் மாதம் ஓர் இரவில் ரமணாசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். ரமணரையும் அடித்தார்கள், அவருடைய தொடையில் அடி விழுந்தது. தடியெடுத்துத் திருப்பித் தாக்கக் கிளம்பிய அன்பர்களை அவர் தடுத்தார். பிறகு காவல்துறை வந்து விசாரித்தது. திருடர்கள் பிடிபட்டுத் தண்டனை பெற்றார்கள். விசாரிக்கும் வேலை அதற்கு உரியவர்களிடம் விடப்பட்டது. அடிக்கு அடி என்பது அங்கே நடக்கவில்லை.

அத்திமூர், 2018 மே

அதே மாவட்டத்தில், திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் உள்ள போளூருக்கு அருகே இருக்கிறது அத்திமூர். 2018 மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் காரில் அந்தப் பக்கம் வந்தார்கள். குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஐந்து பேர். அவர்களில் அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணியும், மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினரும் இருந்தனர். வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. அதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் எழுந்தது. பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்ற பேச்சு அடுத்தடுத்த ஊர்களுக்குக் கைப்பேசியில் பறந்தது. நிலைமை சரியில்லை என்று உணர்ந்து புறப்பட்ட காரை வழியில் ஒரு கூட்டம் மடக்கியது. உள்ளே இருந்தவர்களை வெளியே இழுத்து அடித்தார்கள். அந்தப் பெண்மணி இறந்துபோனார். மற்ற நால்வரும் படுகாயம் அடைந்தனர். தாக்குதல் காட்சியைச் சிலர் கைப்பேசியில் படமும் பிடித்தார்கள். பலர் கைது செய்யப்பட்டனர்.

குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்பது தமிழ்நாட்டில் மிகச் சாதாரணமான காரியம். தலைமுறைகளுக்கு முன் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், பெயர் மட்டும் தெரிந்த கோயிலைத் தேடிக் கிராமம் கிராமமாக அலைவார்கள். டீக்கடையில் நிறுத்திக் கேட்டால் யாராவது ஒரு பெரியவர், “எந்தப் பங்காளி வகையறா?” என்று விசாரித்து வழி சொல்லிவிடுவார். அந்த ஒரு கேள்வி அன்று கேட்கப்பட்டிருந்தால், வந்தவர்கள் தூரத்து உறவாகவே ஆகியிருக்கக்கூடும்.

இது தனித்து நடந்த கொடுமை அல்ல. அதற்குச் சில நாட்களுக்கு முன் வேலூர் மாவட்டத்தில் இதே சந்தேகத்தால் ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். அத்திமூரில் தாக்குதல் நடந்த அதே நாளில் பழவேற்காட்டில் வீடு வாசலற்ற ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அடுத்த மாதம் அசாமின் கார்பி ஆங்லாங்கில் இரண்டு இளைஞர்களும், ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேரும் இதே வதந்திக்குப் பலியானார்கள்.

வதந்தி எப்படி வேலை செய்தது

அந்த வாரங்களில் வட மாவட்டங்களில் சுற்றிய செய்திகளில் குரல் பதிவுகள் முக்கியமானவை. வடநாட்டுக் கும்பல் ஒன்று மாவட்டத்துக்குள் புகுந்துவிட்டது, நூற்றுக்கணக்கில் வந்திருக்கிறார்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று பதறும் குரல். பேசியவர் யாரென்று தெரியாது. ஆனால் பேச்சு நம்மூர்ப் பேச்சாக இருந்தது. அனுப்பியவரோ மாமனாகவோ அண்ணியாகவோ பள்ளித் தோழனாகவோ இருந்தார். செய்தியின் மூலம் தெரியாத இடத்தில், அனுப்பியவர் மீதிருந்த நம்பிக்கையே சான்றாகிவிட்டது.

நாடு முழுவதும் சுற்றிய ஒரு காணொளியில், மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு அறிவிப்புப் பலகையைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதம் இருந்தது வெறும் கடத்தல் காட்சி.

இந்தச் செய்திகளைப் பரப்பியவர்களில் பெரும்பாலானோர் கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை. பிள்ளைகள் மீதுள்ள அக்கறையே அனுப்ப வைத்தது. தன் பிள்ளை மீது வைத்த அன்பு, அடுத்தவரை விசாரிக்க வேண்டிய கடமையை மறைத்துவிடும்போது அன்பே கொலைக்குத் துணைபோகிறது என்பதுதான் அத்திமூர் தரும் மிகக் கசப்பான பாடம். இரக்கம் நீதியை விட்டுப் பிரிந்தால் தன்னவருக்கு மட்டுமே உரியதாகச் சுருங்கிவிடும்.

ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் குற்றம் தமிழருக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் திருப்பமே அதுதான். தேவியின் சிலம்பைக் கோவலன் திருடியதாகப் பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை நம்பி, அரண்மனையில் ஊடியிருந்த தேவியைச் சமாதானப்படுத்தச் செல்லும் அவசரத்தில் பாண்டியன் ஆணையிட்டான். கோவலன் கொல்லப்பட்டான். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்திருக்கும். அந்தச் சோதனை கொலைக்குப் பிறகுதான் நடந்தது. சான்று அருகிலேயே இருந்தும் சோதிக்கப்படாததுதான் மதுரையில் நேர்ந்த பிழை. அத்திமூரிலும் நேர்ந்தது அதே பிழை. அன்று அரசன் ஒருவனிடம் மட்டும் இருந்த அதிகாரம் இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. தவறை உணர்ந்ததும் அரியணையிலேயே உயிர்விட்ட அந்த அரசனின் பொறுப்புணர்வு மட்டும் அதிகாரத்தோடு சேர்ந்து வரவில்லை.

முகம் மறையும்போது

திரைக்குப் பின்னால் மனிதர் நேரில் பேசத் துணியாததைப் பேசுகிறார்கள். இதை அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் விரிவாக விளக்கினார். பெயர் தெரியாமை, எதிராளி கண்ணில் படாமை, பதில் உடனே வராமை போன்றவை சேர்ந்து கூச்சத்தைக் கரைத்துவிடுகின்றன என்பது அவர் கருத்து. நேரில் பேசும்போது எதிரே இருப்பவரின் முகம் வாடுவதைக் கண்டால் நாக்கு தானே அடங்கும். திரையில் அந்தத் தடை இல்லை.

வீட்டு அளவிலும் இது நாள்தோறும் நடக்கிறது. உறவினர் குரூப்பில் ஒருவர் போட்ட ஒரு வரியை மற்றவர் குத்தல் என்று எடுத்துக்கொள்கிறார். போனில் கூப்பிட்டுக் கேட்டால் தீரும் விஷயம், ஸ்க்ரீன்ஷாட்டாக மூன்றாம் வீட்டுக்குப் போகிறது. செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை என்பது குற்றப்பத்திரிகையில் சேர்கிறது. கடைசியில் ஒருவர் குரூப்பை விட்டு வெளியேறுகிறார். வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப்படாமல் போகிறது. முன்பெல்லாம் இத்தகைய மனத்தாங்கலைப் பேசித் தீர்க்க இரு வீட்டாருக்கும் பொதுவான ஒரு பெரியவர் இருந்தார். அவர் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்து கேட்டார். இந்த வேலையைச் செய்ய எந்த குரூப் அட்மினும் முன்வருவதில்லை.

நீதியின் பெயரால் நேரும் அநீதி

இணையத்தில் நீதி கேட்டு எழும் குரலே சில நேரம் பாதிக்கப்பட்டவரை மீண்டும் காயப்படுத்துகிறது. 2019இல் வெளிவந்த பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கு இதற்குச் சான்று. கெஞ்சி அழும் ஒரு பெண்ணின் குரல் தமிழ்நாட்டுக் கைப்பேசிகள் எங்கும் ஒலித்தது. குற்றவாளிகள் மீது கோபம் எழ வேண்டும் என்று அனுப்பியவர்கள்தாம் பெரும்பாலோர். ஆனால் தன் வாழ்வின் மிகக் கொடிய நேரம் எண்ணற்ற செவிகளில் ஒலிப்பதற்கு அந்தப் பெண்ணிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. புகார் கொடுத்தவரின் பெயர் அதிகாரிகள் தரப்பிலேயே வெளியானது. அதற்காக அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து, அவருடைய விவரங்கள் பரவின. அப்போதும் 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. விசாரணைக்கு மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவை அமைத்தது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி தண்டனைக்குரியது. ஸ்டேட்டஸில் வைக்கும் சாதாரண மனிதருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

இரக்கத்தின் பெயரால் நேரும் அவமதிப்பு

இரக்கமும் கேமராவின் முன் கெட்டுப்போகிறது. கிரிவலப் பாதையில் அன்னதானம் நடக்கும் இடங்களில் இதைக் காணலாம். சோற்றுப் பொட்டலத்தை நீட்டும் கை பாதியில் நிற்கும். படம் எடுப்பவர் சரி என்று சொன்ன பிறகே பொட்டலம் கைமாறும். வாங்குபவர் பசியோடு இருப்பதால் மறுக்க முடியாது. சிலர் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள். கொடுத்தவர் பெயர் பரவுகிறது, வாங்கியவர் மானம் போகிறது. மனநலம் குன்றிச் சுற்றித் திரிபவர்களைச் சித்தர்களாகக் காட்டும் காணொளிகளும் உண்டு. அவர்களுக்குத் தேவைப்படுவது மருத்துவமும் பாதுகாப்பும். காணொளியைப் பார்த்து வரும் கூட்டமோ அவர்களை நிம்மதியாக உட்காரக்கூட விடுவதில்லை. சிகிச்சையில் உள்ள மனநோயாளியின் படத்தை அவர் இசைவின்றி ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். தெருவில் இருப்பவருக்கும் அதே மதிப்பைத் தருவது மனிதக் கடமை.

அதே கருவி செய்த நன்மை

குற்றத்தைக் கருவியின் மேல் மட்டும் போட முடியாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், எங்கே படகு வேண்டும், எங்கே சோறு இருக்கிறது, யார் வீட்டில் தங்கலாம் என்ற பட்டியல்களை முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் சேர்ந்து தயாரித்தார்கள். ஒவ்வோர் எண்ணையும் தன்னார்வலர்கள் கூப்பிட்டுச் சரிபார்த்து, பழையதை நீக்கினார்கள். அத்திமூருக்குச் சாக்காடு கொண்டுவந்த அதே வகைக் கருவி சென்னையில் உயிர் காத்தது. சரிபார்த்த பிறகே அனுப்பியதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

2023 மார்ச் மாதம் தமிழ்நாடு இன்னொரு சோதனையைச் சந்தித்தது. பீகார்த் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. அவற்றில் ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று காவல்துறை விளக்கியது. அதிகாரிகள் ஆலைகளுக்கும் விடுதிகளுக்கும் போய்த் தொழிலாளர்களைச் சந்தித்தார்கள். இந்தியில் அறிவிப்புகள் வந்தன. பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்தது. 2018இல் வடநாட்டார் மீது அச்சம் பரப்பப்பட்ட மாநிலத்தில், 2023இல் அதே வடநாட்டாரின் அச்சத்தைத் தீர்க்க அதிகாரிகள் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போனார்கள். நேரில் போய்க் கேட்டதும் விரைந்து மறுத்ததும்தான் அன்று உயிர்களைக் காத்தன.

சட்டமும் நிறுவனங்களும் தந்த பதில்

2018 ஜூலை 17 அன்று தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க விரிவான நெறிமுறைகளை வகுத்தது. மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத பொறுப்பு அதிகாரி, வதந்தி பரப்புவோர் மீது வழக்கு, விரைவு விசாரணை, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு ஆகியவை அவற்றில் அடங்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு, இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து செய்யும் கொலையைத் தனியே குறிப்பிட்டு, மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கிறது.

வாட்ஸ்அப் நிறுவனம் 2018 ஜூலையில் ஃபார்வர்டு செய்யப்பட்ட செய்திக்கு அடையாளம் இட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது. 2019 ஜனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு குரூப்புக்கு அல்லது ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்றானது. இந்த மாற்றங்கள் வேகத்தைக் குறைத்தன. அனுப்புபவரின் மனத்தை மாற்ற அவற்றால் முடியாது.

பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று தெளிவான பதில் தந்தது. 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை நடிகர் எஸ்.வி.சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். பிறகு அதை நீக்கி மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது, அது செய்யும் சேதத்துக்கு அனுப்பியவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நான் எழுதவில்லை, அனுப்பினேன் என்பது இனி தப்பிக்கும் வழியல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. மனம் புண்படுகிறது என்ற காரணத்துக்காகவே எழுதியவரைக் கைது செய்ய அப்பிரிவு இடம் கொடுத்திருந்தது. வெறுப்பைத் தடுக்கும் சட்டம் விமரிசனத்தை நெரிக்கும் சட்டமாக மாறிவிடக் கூடாது என்பதும் நீதியின் ஒரு பகுதியே.

பழையது மறக்கப்பட வேண்டுமா என்ற கேள்வியையும் சட்டம் இப்போது எதிர்கொள்கிறது. குற்றமற்றவர் என விடுதலையான ஒருவர், தன் பெயர் அடங்கிய தீர்ப்பு இணையத்தில் கிடப்பதால் வாழ்வு தடைபடுவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2021இல் மறுக்கப்பட்ட கோரிக்கை 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. திறந்த நீதிமன்றம் என்ற நெறி ஒரு பக்கம், மனிதருக்கு மீண்டும் தலைநிமிர வழி வேண்டும் என்ற இரக்கம் மறுபக்கம். ஊர் வாய் ஒரு நாள் ஓயும், தேடுபொறி ஓய்வதில்லை.

நடைமுறைக்கு உதவும் நெறிகள்

இவ்வளவு நிகழ்வுகளிலிருந்தும் சில நெறிகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கேட்டறிதல். யார் மீதாவது பழி சுமத்தும் செய்தி வந்தால், எப்போது, எங்கே, யார் பார்த்தது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை அது செய்தி அல்ல. ஆபத்து உண்மை என்று தோன்றினால் அழைக்க வேண்டிய எண் 112. குரூப்பில் போட வேண்டியதில்லை. இணைய வழி மோசடிக்கு 1930 என்ற உதவி எண் இருக்கிறது.

இரண்டாவது, இசைவு. மற்றவர் துயரமோ வறுமையோ நோயோ படத்தில் இருந்தால், அவர் மறுக்கக்கூடிய நிலையில் இருந்து சம்மதித்தாரா என்று பார்க்க வேண்டும். பசித்தவர், அழுகிறவர், நினைவிழந்தவர் ஆகியோரின் மௌனம் சம்மதம் ஆகாது.

மூன்றாவது, தவறு பரவிய இடத்திலேயே திருத்தம். நூறு பேர் இருந்த குரூப்பில் சொன்ன பொய்க்குத் தனியாகக் கேட்ட மன்னிப்பு போதாது. அந்த நூறு பேரும் உண்மையை அறிய வேண்டும்.

நான்காவது, அளவு. பள்ளி மாணவன் போட்ட முட்டாள்தனமான ரீலும் திட்டமிட்டுத் தூண்டும் வெறுப்புப் பேச்சும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சாடல் என்றால் அங்கே நீதி இல்லை.

ஐந்தாவது, திரும்பி வர வழி. தவறை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டவரின் பழைய ஸ்க்ரீன்ஷாட்டை ஆண்டுதோறும் தோண்டி எடுப்பது தண்டனைக்கு மேல் தண்டனை.

இவற்றைப் பழக்க ஏற்ற இடங்கள் வீடும் பள்ளியும்தான். கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுக்கும் நாளில், வந்ததை எல்லாம் அனுப்பக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கும் இந்தப் பாடம் தேவை. அத்திமூரில் கூடிய கூட்டத்தில் இருந்தவர்கள் பெரியவர்களே. பஞ்சாயத்துக் கூட்டத்திலும் மகளிர் குழுவிலும் கோயில் திருவிழாக் கமிட்டியிலும், கிராமத்து வாட்ஸ்அப் குரூப்பை நடத்துபவர்களிடமும் இது பேசப்பட வேண்டும்.

சட்டம் கொலைக்குப் பிறகு வரும். நிறுவனங்களின் வரம்பு வேகத்தை மட்டும் குறைக்கும். நடுவில் இருப்பது அனுப்பும் விரல். ஒரு பெண்மணியின் உயிர், கேட்கப்படாத ஒரு கேள்வியால் போனது. அந்தக் கேள்வியைக் கேட்க அதிகாரமோ படிப்போ பணமோ தேவையில்லை. இதைப் படிப்பவர்களின் கைப்பேசிக்கும் இன்றோ நாளையோ யாரோ ஒருவரைக் குற்றம் சாட்டும் செய்தி வரும். அதை அனுப்புமுன் விசாரியுங்கள். விசாரிக்க முடியாவிட்டால் உங்களோடு நிறுத்திவிடுங்கள்.